மேகலா வீட்டுக்குக் குடிவந்தவள்

மலைமேல் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஓட்டு வீடு மேகலாவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் அதன் பேரில் பேங்கில் கடன் வாங்கித்தான், குண்டனி நாடு என்ற பக்கத்து ஊர்ப்பகுதியில் இருந்த தங்கள் மிளகுத் தோட்டத்தில் அவளும் கணவனும் கிணறு வெட்டினார்கள். போன மழையில் பாதிக் கொடிகள் வாடல் நோய் கண்டு செத்தன. தவணை கட்டுவது இழுபறியாயிற்று.

"ஊட்டை வாடகைக்கு உட்டுட்டு, தோட்டத்துக் கொட்டாய்ல போயி இருந்துக்கலாமுங்க," என்றாள் மேகலா.

அவள் கணவன் அசோக் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டான். "அடுத்தவங்க ஊட்டுக்குள்ள, நாம கொட்டாய்லயா? ஊரு என்ன பேசும்?"

"பேசறவங்க வந்து தவணை கட்டுவாங்களா?"



ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் யமுனா, கைக்குழந்தையோடு வீடு தேடிக்கொண்டிருந்தாள். வீடு பிடித்துப்போனது. ஆனால் கடன் பத்திரத்தில், வீட்டுக்காரர்தான் குடியிருக்க வேண்டும் என்றிருந்தது.

"சொல்லாம உட்டுருவோம். மலையேறி வந்து யாரு பாக்கப்போறா?" என்றான் அசோக்.

"பாத்துட்டா அந்தப் புள்ள குழந்தையோட தெருவுல நிக்கோணும். நாளைக்கே நான் கீழ பேங்குக்குப் போறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கினாள். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே கைவிரித்தார். "குடியிருக்கறதா எழுதிக் கொடுத்துத்தானே கடன் வாங்குனீங்க?"

மேகலா பத்திரத்தைப் பிரித்தாள். முந்தின நாள் யமுனா படித்துப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்த வரியில் விரலை வைத்தாள். "ஆனா அடுத்த வரியில, பேங்க் அனுமதி இல்லாம வாடகைக்கு விடக்கூடாதுன்னுதானுங்க இருக்குது. அந்த அனுமதியக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் வரியை இரண்டு முறை படித்தார். "மேலிடத்துக்கு எழுதணும்மா. நாளாகும்."

"ஆவட்டுங்க. மனு எழுதித் தாரேன், அனுப்புங்க."

அதற்கப்புறம் இரண்டு முறை போய்க் கேட்டு வந்தாள். மூன்றாம் முறை அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. வாடகை நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும், வீட்டு இன்சூரன்ஸை வாடகை வீட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்றார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

குடிபெயரும் நாளில் அசோக் கட்டிலையும் பீரோவையும் டெம்போவில் ஏற்றினான். உள்ளே யமுனா, ஒரு கையில் காலண்டரும் மறு கையில் ஆணியுமாக நின்றாள்.

"அக்கா, இங்க ஒரு ஆணி அடிச்சுக்கட்டுங்களா?"

வெள்ளையடித்த நாளிலிருந்து மேகலா யாரையும் கைவைக்க விடாத சுவர் அது.  அதை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்க காரை உதிரும் கண்ணு. ஜன்னலுக்கு மேல அடி, கெட்டியா நிக்கும்."

வெளியே வந்து டெம்போவில் ஏறி உட்கார்ந்தாள். அசோக் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மழைக்கு முன்னால கொட்டாய்க்குத் தகரம் மாத்தோணும்."

"காலைல கூரை மேல ஏறுங்க. கீழ நின்னு நான் எடுத்துத் தாரேன்," என்றாள் அவள்.