ஊதுகுழல் வைத்த வண்டி

ஜெர்மனியோடு சண்டை மூண்ட மாதத்தில், ஏரிக்கரையில் குடியிருந்த துரை ஒருவருக்குத் தம்முடைய காரில் ஏற வெட்கமாகிவிட்டது. அது ஜெர்மன் கார். கிளப்பில் யாரோ கேலி செய்தார்களாம். சீமைக்குப் போகிற அவசரத்தில் அவர் அதை விற்க முயன்றபோது, வாங்கக்கூடிய வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் அதே வெட்கம் இருந்தது. என் அத்தாவுக்கு இல்லை. கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது ராவுத்தர், மலிவாக வருகிற எதைப் பார்த்தும் இதுவரை வெட்கப்பட்டதில்லை.

அந்த வண்டியில் ஒரு சூப்பர்சார்ஜர் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற கருவி. எங்கள் வீட்டில் அதற்கு ஊதுகுழல் என்று பெயர். வைத்தவள் நான்தான். என் பொழுது முழுவதும் எங்கே கழிந்தது என்பதை இதிலிருந்தே யூகித்துக்கொள்ளலாம்.

அத்தாவின் யோசனை எளிமையானது. பூண்டிக் கிராமத்திலிருந்து வியாபாரி நல்லசாமி குதிரைகளில் கொண்டுவரும் வெள்ளைப்பூண்டை வண்டி வத்தலக்குண்டுக்கு இறக்க வேண்டும். திரும்பும்போது, ரயில் இறங்கி அங்கே வந்து சேரும் சீசன்காரர்களை மலைக்கு ஏற்ற வேண்டும். ஓட்டுவது என் அண்ணன் சம்சுல் ஆலம். யோசனையில் ஒரு குறையும் இல்லை. மலைதான் சம்மதிக்கவில்லை. பெருமாள்மலையைத் தாண்டியதும், வெள்ளி அருவிக்கு முந்தின ஏற்றத்தில், வண்டி முனகிக்கொண்டே நின்றுவிடும். ஏறி வந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு வக்கீல், கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தள்ளினார். பஸ்காரர்கள் கடை வாசலில் நின்று, “ராவுத்தரே, அடுத்த நடைக்கு ரெண்டு மாட்டையும் வண்டிக்குள்ள ஏத்திக்கிட்டுப் போங்க. தோதா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அத்தா மெக்கானிக் சேனாதிபதியை அழைத்து வந்தார். மதுரையில் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததில்ல ராவுத்தரே. புஸ்தகம் கிஸ்தகம் குடுத்தானா?”

துரை கொடுத்திருந்தார். தடித்த இங்கிலீஷ் புத்தகம். கடையில் அது பொட்டலம் கட்டக் கிழிபடாமல் பிழைத்தது காகிதம் வழவழப்பாக இருந்த ஒரே காரணத்தால்தான். அதில் வைத்தால் சர்க்கரை சறுக்கும்.

“ரபியா படிப்பா” என்றான் அண்ணன்.

அந்த ரபியா நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தேன். வயதுக்கு வந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். உண்மை அவ்வளவு கௌரவமானதல்ல. ஆண்டு விழாவில் என்னை மேடையில் ஏற்றி ஒரு இங்கிலீஷ் பாட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஏதோ ஊமை நாடகம் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைதட்டினாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மட்டும் வந்து, அப்படியே நிலைத்துவிட்டது.

சேனாதிபதி அந்நிய ஆண். ஆகவே கடையின் சரக்கு அறைக்கும் வண்டிக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பருப்பு மூட்டைமேல் நான், என் மடியில் புத்தகம். அந்தப் பக்கம் ஆண்கள். வெட்கம் பிடித்தவளுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. படித்துத் தமிழில் சொன்னேன். புரியாத இடத்தில் இருமினேன். நான் இருமினால் அது கஷ்டமான இடம் என்று எடுத்துக்கொண்டு, சேனாதிபதி மரியாதையாகக் காத்திருப்பார்.

நான் முதல் அத்தியாயத்தைத்தான் தொடங்கினேன். ‘ஓட்டும் முறை’ என்று இருந்தது.

அண்ணன் குறுக்கிட்டான். “வண்டி ஓட்ட எனக்குப் பாடமா? அதத் தள்ளு. பெட்ரோல் எங்க வருது, பல்சக்கரம் எங்க சுத்துதுன்னு பாரு.”

தள்ளினோம். நேராக எஞ்சினுக்குள் நுழைந்தோம்.

கடையைச் சாத்திய பிறகு தினமும் திட்டம் நடந்தது. எங்கள் சித்தாந்தம் இதுதான்: ஊதுகுழல் ஊதுகிறது, ஆனால் விறகு போதவில்லை. அடுப்பை எவ்வளவு ஊதினாலும் விறகில்லாவிட்டால் சாம்பல்தானே பறக்கும்? இந்த உவமையை நான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னபோது சேனாதிபதி, “பாப்பா சொல்றது சரி” என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

அந்த வண்டியில், எஞ்சின் தானே உறிஞ்சுகிற பலத்தால் பெட்ரோல் ஒரு சிறு டப்பாவுக்கு ஏறி, அங்கிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு இறங்கும். டப்பாவை எடுத்துவிட்டு, உடைந்து கிடந்த ஒரு அமெரிக்க லாரியின் பெட்ரோல் பம்பைப் பொருத்துவது எங்கள் முதல் முடிவு. அதோடு குழாயைப் பெரிதாக்குவது, கார்புரேட்டரின் துவாரத்தை அகலமாக்குவது. பெட்ரோல் கூடினால் பலம் கூடும். அதைத் தாங்க கிளட்சுக்கு பஸ்ஸின் ஸ்பிரிங்குகள். கடைசியாக, பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுழலவைக்கிற பல்சக்கரத்துக்குப் பதில் லாரியின் பல்சக்கரம், அதாவது கிரவுன் சக்கரம். வண்டி மெதுவாகப் போகும், ஆனால் யானைபோல ஏறும். அந்தப் பல்சக்கரம் பெரியது என்பதால் ஆக்சிலின் கூட்டை அறுத்து அகலப்படுத்த வேண்டும். ஜெர்மனியிலிருந்து வேறு கூடு வராது, அறுத்தால் அறுத்ததுதான். இதையெல்லாம் நான் கணக்குப் போட்டு, படம் வரைந்து, திரைக்கு அடியால் நீட்டினேன். படத்தில் பம்ப் சற்று கத்தரிக்காய்போல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பழனியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் தம் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்.

“புள்ளைக்கு வரன் பாக்கணும்னா காருக்குப் பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்றாள்.

“வண்டி மொதல்ல ஏறட்டும் சபுரா. ஏறுன மறுநாளே பழனிக்குப் போயி அவ சம்பந்தத்தப் பேசி முடிச்சுட்டு வாரேன்.”

ஆக, வண்டி முன்னால், நான் பின்னால் என்று வரிசையில் நின்றோம். பின்னால் நிற்பதில் எனக்கு வருத்தமே இல்லை. பம்ப், கிளட்ச், ஆக்சில் என்று திட்டம் நீள நீள நான் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஜவுளிக்கடை மகனைப் பற்றி எனக்கு ஒரு கெட்ட அபிப்பிராயமும் கிடையாது. அவர் வீட்டில் கிரவுன் சக்கரத்தைப் பற்றிப் பேசுவார்களா என்பதுதான் சந்தேகம்.

நீளமான வேலை என்பதால் ஆக்சிலில்தான் தொடங்குவது என்று, அதை அறுக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின மத்தியானம் கடையில் கூட்டம். கொட்டகையில் ஆள் இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல், தள்ளிவிட்ட முதல் அத்தியாயத்தைப் படித்தேன். சும்மா ஒரு பெருமைக்கு. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள.

அதில் எழுதியிருந்தது: சாதாரண ஓட்டத்தில் ஊதுகுழல் சுற்றாது. ஏற்றத்தில், வேகப் பெடலைத் தரைமட்டம் அழுத்தினால்தான் அது எஞ்சினோடு சேரும். சேரும்போது பெரும் சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

எங்கள் வண்டியில் எந்தச் சத்தமும் வந்ததில்லை. திரையை நீக்கிக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலால் பெடலை அழுத்தினேன். பாதியில் டொக்கென்று நின்றது. குனிந்து பார்த்தேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை ஆணி அடித்து வைத்திருந்தது.

அது அத்தா வைத்தது. மலைப் பாதையில் வண்டி விடுகிற முதலாளிகள் பலரும் செய்வதுதான். கட்டை இருந்தால் டிரைவர் பெடலை ஓங்கி மிதித்துப் பெட்ரோலைக் குடிக்கவிட முடியாது. வாங்கிய அன்றே அடித்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்த கட்டை என்பதால் யாரும் அதை நினைக்கவில்லை.

ஊதுகுழல் ஒரு நாளும் ஊதவில்லை. ஊதாத குழலுக்கு நாங்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம்.

என் முதல் எண்ணம், சொல்லாமல் இருந்துவிடலாம் என்பதுதான். சொன்னால் கட்டையைப் பிடுங்குவார்கள், வண்டி ஏறும், அத்தா மறுநாள் பழனிக்கு இறங்குவார். சொல்லாவிட்டால் நல்ல ஆக்சிலை அறுத்துவிடுவார்கள். நான் கடைசியில் சொல்லத் தீர்மானித்தது நல்ல குணத்தால் அல்ல. அவ்வளவு அழகான என் திட்டம் ஒரு பொய்க் கணக்கின்மேல் நிற்பதை என் கர்வம் பொறுக்கவில்லை.

தீர்மானிப்பது எளிது, சொல்வது அப்படியல்ல. அத்தா வைத்த கட்டையை, அந்நியர் முன்னால், மகள் குறை சொல்ல வேண்டும். சாயங்காலம் சேனாதிபதி இரும்பு ரம்பத்தோடு வந்துவிட்டார். என் வாய் ஆண்டு விழா வாய் ஆகிவிட்டது. அதற்குத் தெரிந்த ஒரே வழி புத்தகம் படிப்பது. ஆகவே படித்தேன்.

“‘ஊதுகுழல் சுற்ற, பெடலைத் தரைமட்டம் அழுத்தவும்’” என்றேன். “‘பெடலுக்கு அடியில் மரக்கட்டை இருந்தால் எடுத்துவிடவும்.’”



“கட்டைன்னா போட்டிருக்கு?” என்றார் அத்தா.

“ஆமாத்தா.”

“ஜெர்மன்காரனுக்கு நம்ம கட்ட எப்படித் தெரியும்?”

“அவங்க ஊர்லயும் மொதலாளி இருப்பாங்கல்ல” என்றான் அண்ணன். அவனுக்கு அந்தக் கட்டைமேல் பழைய கோபம்.

“என்ன மரம்னு போட்டிருக்கா?”

நான் இருமினேன்.

சேனாதிபதி சிரித்தாரா என்று தெரியாது. ரம்பத்தைக் கீழே வைக்கிற சத்தமும், ஆணி பிடுங்குகிற சத்தமும் கேட்டன. “புஸ்தகத்துல இல்லாட்டியும் எடுத்துப் பாத்துருவோம் ராவுத்தரே. அறுத்த ஆக்சில ஒட்ட முடியாது. கட்டைய எப்ப வேணும்னாலும் வச்சுக்கலாம்.”

மறுநாள் வெள்ளனே பெருமாள்மலைக்கு இறங்கினோம். பாரத்துக்குப் பூண்டு மூட்டைகள். புத்தகமும், அதைப் படிக்கிறவளும் வர வேண்டும் என்று அத்தா சொல்லிவிட்டார். நான் மூட்டைகளுக்கு நடுவே, முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுதான் என் கடைசித் திட்டப் பயணம் என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது. பூண்டு நெடி அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

வண்டியைத் திருப்பி, ஏற்றத்தில் விட்டான் அண்ணன்.

“மிதிலே” என்றார் அத்தா, சொந்தப் பணத்தை மிதிக்கச் சொல்கிறவரின் குரலில்.

அண்ணன் மிதித்தான். வண்டியின் மூக்கிலிருந்து ஒரு அலறல் எழுந்தது. சாலையோரக் குரங்குகள் மரத்தின் உச்சிக்குப் போயின. வண்டி பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலப் பாய்ந்தது. ஒரு மூட்டை என் மடியில் விழுந்தது. வழக்கமாக வக்கீல்கள் இறங்குகிற இடத்தைப் பறந்து கடந்தோம். அண்ணன் கூவினான். அத்தா தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். பழனி எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது, கோபுரத்தோடும் ஜவுளிக்கடையோடும்.

அடுத்த வளைவில் அலறல் திணறலாக மாறியது. எஞ்சின் விக்கியது, திரும்பப் பிடித்தது, மறுபடி விக்கியது. அண்ணன் விடாமல் மிதிக்க, கருகிய நெடி ஒன்று பூண்டையும் மீறி வந்தது. வண்டி நின்று, பின்னுக்கு உருண்டது. சேனாதிபதி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

மூன்று ஆண்களும் எழவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். நான் மூட்டைக்குப் பின்னால் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தால் அடக்க எனக்கு வேறு வழி தெரியாது.

“தள்ளித்தான் ஆகணும்” என்றார் சேனாதிபதி. “மேல சமதரை வரைக்கும். பாப்பாவும் எறங்குனா பாரம் கொறையும்.”

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் மூவரும் வண்டியின் முதுகில் கை வைத்தோம். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தேன். வண்டி தள்ளும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். என் வாய் தானாகத் திறந்தது. இந்தத் தடவை அதற்குள் சொல் இருந்தது.

“பெடல முழுசா அமுக்குனா எஞ்சின் உறிஞ்சுற பலம் கொறைஞ்சிருது அத்தா. டப்பாவுக்குப் பெட்ரோல் ஏறல. ஊதுகுழல் அப்பத்தான் நெறையக் கேக்குது. இவ்வளவு நாளும் ஊதல, அதனால டப்பா போதுமா இருந்துச்சு. இப்ப ஊதுது. இப்பத்தான் பம்ப் வேணும்.”

“கருகுனது?”

“கிளட்ச். வழுக்கியிருக்கு. பஸ் ஸ்பிரிங்கு.”

“நாம போட்ட அதே பிளானு” என்றார் சேனாதிபதி மூச்சு வாங்கிக்கொண்டே. “ஆக்சில் மட்டும் தப்பிச்சுச்சு. என்ன பாப்பா?”

ஆக்சில்தான் திட்டத்திலேயே நீளமான வேலை. அறுத்து, ஒட்டி, பல் சரிபார்த்து, அடுத்த சீசன்வரை இழுத்திருக்கலாம். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூவரும் என்னை நம்பினார்கள்.

“ஆக்சில் வேண்டாம்” என்றேன். “இப்ப இருக்குற பல்லே போதும்.”

எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. ஜன்னல்கள் நிறையத் தலைகள். “என்ன ராவுத்தரே, மாட்ட மறந்துட்டீங்களா?” என்று டிரைவர் கேட்டுவிட்டுப் போனான். நான் முக்காட்டைத் தேடினேன்; அது மூட்டைமேல் கிடந்தது. வண்டிக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்துகொண்டேன்.

“அப்ப பம்பு, கிளட்சு. ரெண்டுதான்” என்றார் அத்தா. “வெரசா முடிச்சுட்டா ரம்ஜானுக்கு முன்னாடி பழனிக்குப் போயிட்டு வந்துரலாம்.”

நான் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். நாங்கள் ஏறி வந்த சாலை பின்னால் வளைந்து வளைந்து இறங்கிப் போயிற்று. அது எவ்வளவு செங்குத்து என்பதை அன்றுதான் கால்களால் அறிந்தேன்.

“அத்தா.”

“என்னாத்தா?”

“இவ்வளவு வேகமா ஏறுற வண்டி, பூண்டையும் ஏத்திக்கிட்டு எறங்கணும்ல? பிரேக்கு தாங்குமா?”

அத்தா தள்ளுவதை நிறுத்திவிட்டார். சேனாதிபதியும் நிறுத்திவிட்டார். வண்டியின் பாரம் முழுவதும் ஒரு கணம் என் கையில் இறங்கியது.

“நல்லாக் கேட்டுச்சு பாப்பா” என்று சேனாதிபதி திரும்பவும் தோளைக் கொடுத்தார். “நாம அத யோசிக்கவே இல்லையே. அதுக்குப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“தெரியல” என்றேன். “அந்த அத்தியாயம் ரொம்பப் பெருசு. இனிமேத்தான் படிக்கணும்.”