இரண்டாவது சாவி

எங்கள் கருவூலத்தின் பெட்டக அறைக்கு ஒரு கதவு, இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று இசக்கிப்பாண்டியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. அரசாங்கத்துக்கு எங்கள்மேல் அத்தனை நம்பிக்கை!

பத்து மணியானால், "வாலே யாகூபு, கஜானாவத் தொறப்போம்" என்பான். சாயங்காலம் பூட்டியதும் அவன் பூட்டை நானும் என் பூட்டை அவனும் இழுத்துப் பார்ப்போம். இருபது வருஷம் இப்படி.

2003 ஜூலையில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம். சங்கக் கூட்டத்தில் இசக்கி பேசினான்: "கஜானா மூடுனா கவர்மெண்டே நிக்கும்லே. எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு."

எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவன் நான். மறுநாள் வேலைக்குப் போனவனும் நான்தான். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, பயம்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தேன். தாயில்பட்டியிலிருந்து லைசென்ஸ் சலானோடு வந்த வெடிக் கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இசக்கி இல்லாமல் அறையைத் திறக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் மேலதிகாரி போட்டோக்காரரோடு வந்தார். மறுநாள் பேப்பரில் 'கருவூலம் வழக்கம்போல் இயங்குகிறது' என்று போட்டு, கீழே என் மூஞ்சி. அரசியலில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

இசக்கியை டிஸ்மிஸ் செய்தார்கள். வேலை திரும்பக் கிடைப்பதற்குள் மகள் அழகுமீனாவின் கல்யாணப் பேச்சு முறிந்துபோனது. பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டான்.

திரும்பி வந்தவனிடம் அதே சாவி. நான்கு வருஷம் தினமும் தோளோடு தோள் நின்று திறந்தோம், பூட்டினோம். ஒரு வார்த்தை இல்லை. என் பூட்டை அவன் தொடவில்லை. தன் பூட்டைத் தானே இழுத்துப் பார்த்துக்கொள்வான். எனக்கும் கோபம் வரும். இடமாற்றம் கேட்டுத் தொலையலாமே, தடியன்! அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் ஓய்வு பெறுவதற்குள் திட்டியாவது பேசிவிட மாட்டானா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அவனுடைய கடைசி நாள். இருவரும் பூட்டினோம். புதிதாக வந்த முத்துப்பேச்சியிடம் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"இசக்கி, நான் செஞ்சது தப்புதாம்லே" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே கதவைப் பார்த்தான்.

"எம் பூட்டு சரியா விளுந்துச்சான்னு இளுத்துப் பாரு."

அவ்வளவுதான், போய்விட்டான். இழுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் விழுந்திருந்தது. முத்துப்பேச்சி கிளம்பிய பிறகும் அதை இழுத்துக்கொண்டே நின்றேன்.