சிவப்பு மையில் அடித்த வரி

"ஸ்டீல் ஊசி அமில பாட்டில்லயே கெடக்கு. சார்கிட்ட சொல்லட்டா?" என்று உடன் ஆராய்ச்சி செய்யும் அன்புமொழி காதோரம் கேட்டாள்.

"சொல்லாத," என்றாள் இசைவாணி.

"காலையிலேருந்து ஊறுதுடி."

"ஊறட்டும். எனக்கும் கண்ணு இருக்கு."

புதுக்கோட்டை புறவழிச்சாலையோரத்து ஆய்வகத்தில் அன்று சோதனை நாள். சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஷர்லியும் இன்னும் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சரி என்றால்தான் அந்தப் பெப்டைடு அடுத்த கட்டத்துக்குப் போகும். புற்றுக்கட்டியின் மேலிருக்கும் ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற சின்னப் புரதத் துண்டு அது. அதன் வாலில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் கதிர்வீசும் கேலியம். ஒட்டிய இடம் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் ஏற்பிக்குப் பொருந்தும், கூண்டை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று இரண்டு வருஷம் தூக்கம் கெட்டவள் இசைவாணி. அறிக்கையின் முகப்பிலோ பேராசிரியர் ஆத்மநாதன் பெயர் மட்டும் இருந்தது.

போன ஆடியில் அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, அப்படியே தன் அறிக்கையாகத் தட்டச்சு செய்துகொண்டார். ஒரே ஒரு வரியைச் சிவப்பு மையில் அடித்து, குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா இது, நண்டு கிண்டுன்னு? கட்டுமாவடி மீன் ஏலக்கூடத்துல ஒட்டுற நோட்டீஸா?"

"அந்தக் கூண்டத்தான் சார் நண்டுன்னு எழுதுவேன். எங்கப்பா நண்டு வலைக்காரரு, அவரு சொல்லுவாரு..."

"ஒங்கப்பா வலையப் பாக்கட்டும். கெமிஸ்ட்ரிய நான் பாத்துக்கிறேன்."

"எம் பேரு சார்?"

"கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டுருக்கேன். பத்தாதா?"

இன்றைக்குச் சோதனை மேசைக்கருகே போனவளையும் தடுத்தார்.

"நீ ஓரமா நில்லும்மா. இன்னிக்கு எங் கையால பண்ணிக் காட்டுறேன்," என்றார் ஆத்மநாதன்.

"சரிங்க சார்."

கேலியம் ஊறிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர் குழலில் ஊசி ஊறிய அமிலத்தை விட்டு, கேலியத்தைக் கறந்தார். பெப்டைடில் கலந்து பத்து நிமிஷம் சூடாக்கினார். ஒரு சொட்டைக் காகிதப் பட்டையில் வைத்து, எவ்வளவு கேலியம் கூண்டுக்குள் போயிருக்கிறது என்று பார்த்தார்.

"என்ன சார், இருபத்திரண்டு சதவீதம்? அறிக்கையில தொண்ணூத்தஞ்சுன்னு இருக்கு?" என்றார் ஷர்லி.

"பெப்டைட எடுத்து வச்சது இந்தப் பொண்ணு மேடம். கை சுத்தமில்ல போல," என்று இசைவாணியைக் காட்டினார்.

இசைவாணி முன்னே வந்தாள்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம், கேலியம் திரும்ப ஊறிரும். அதே பெப்டைடுதான். அமிலத்தையும் ஊசியையும் மட்டும் மாத்துறேன்."

ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய், புது அமிலம். இந்த முறை தொண்ணூற்றாறு.

"எப்படிம்மா?"

"ஊசியிலேருந்து இரும்பு கரைஞ்சிருந்துச்சு மேடம். கேலியம் போறதுக்குள்ள கூண்டு இரும்பப் புடிச்சிருச்சு."

"பார்த்துக்கிட்டேதான நின்ன? ஏன் சொல்லல?" ஆத்மநாதன் பல்லைக் கடித்தார்.

"எழுதியே குடுத்தேனே சார். நீங்கதான அடிச்சீங்க."

குறிப்பேட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். ஷர்லி தடுப்பைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்துன தேதி. ஒன் கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"அப்ப இது ஒன்னோட மருந்து. சார், முகப்புப் பக்கத்த மாத்தி அனுப்புங்க. அந்த அடிச்ச வரி என்ன?"

"சாரே வாசிப்பாரு மேடம்," என்றாள் இசைவாணி.

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லை.

"நண்டுக்கு இரும்பைக் காட்டாதே. கவ்வினால் விடாது."

"கொஞ்சம் சத்தமா சார்," என்றாள் அவள். "அங்கிட்டு உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கலையாம்."