அலுஷ் குடித்த கஞ்சி

எங்கள் பிரமிடில் காவல் வேலை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். மெக்சிகோவின் யுகதானில் அதுதான் வழக்கம். பத்தொன்பது வருஷம் அந்தப் படிக்கட்டில் அரிவாளோடு புதர் வெட்டியவன் நான், எலீகியோ. மூத்தவன். ஓய்வு பெறும்போது அப்பா யார் பேரை எழுதிக் கொடுத்தார்? என் தங்கை நிதெல்பியா பேரை!

காக்கிச் சட்டையும் விசிலுமாக அவள் வாசலில் நின்ற முதல் நாளே என் வயிறு பற்றி எரிந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவள் பயந்து ஓடினால் வேலை எனக்கு.

பழைய கட்டடங்களை அலுஷ் என்ற குட்டிப் பூதங்கள் காக்கின்றன. முழங்கால் உயரம்தான் இருக்கும். பிடிக்காத ஆள்மீது கல்லெறியும், பொருளை ஒளித்துவைக்கும். எங்கள் ஊரில் யாருக்கும் இதில் சந்தேகம் கிடையாது. அந்த அலுஷ் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். புதரில் பதுங்கி அவள் தொப்பிமேல் பொடிக்கல் எறிந்தேன். விசிலை எடுத்தேன். மூன்றாம் வாரம், மேலறைச் சாவியையும் எடுத்தேன்.

டிக்கெட் கிழிக்கும் துல்சே கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "ஏண்டி, அலுஷுக்கு உன்னப் புடிக்கலடி. பேசாம உங்கண்ணனுக்கு விட்டுக் குடுத்துடு."

"கஞ்சி வெச்சுப் பாக்குறேன்க்கா."

மறுநாளிலிருந்து தினமும் படிக்கட்டடியில் ஒரு சுரைக்குடுக்கை நிறைய மக்காச்சோளக் கஞ்சி. வெயிலில் வெட்டிக் களைத்தவன் நான், மடமடவென்று குடித்தேன். சப்பென்று இருந்தது. தேன்கூட ஊற்றவில்லை, கஞ்சப் பிசினாறி!

வெள்ளிக்கிழமைக்குள் சாவி வராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வெள்ளி காலை புதருக்குள் குந்திக் குடித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் துல்சேயின் குரல் கேட்டது.

"ஒரு சொட்டுத் தேன் ஊத்துனா என்னடி? சாவியாவது வரும்ல?"

"ஐயோ, வேணாம்க்கா. இந்த அலுஷுக்குச் சர்க்கரை. போன மாசம்தான் கால் வெரல எடுக்கணும்னு டாக்டர் பயமுறுத்துனாரு."

கட்டுப் போட்ட என் கால் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தேன்.

"அடிப்பாவி! தெரிஞ்சேவா சும்மா இருக்க? ஆபீஸ்ல போய்ச் சொல்லுடி!"

"சொன்னா வெட்டுற வேலையும் போயிடும்க்கா. மருந்துக்கு எங்க போவாரு?"

அவர்கள் போனபின் காலிக் குடுக்கையில் சாவியையும் விசிலையும் போட்டுப் படியில் வைத்தேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தால் இன்றும் எரிகிறது.

மறுநாளும் கஞ்சி இருந்தது, தேன் இல்லாமல்.