கரடிக்குட்டியின் கடைசி வசனம்

டப்பிங் படத்தில் இன்னும் ஒரே ஒரு வசனம் பாக்கி. அது முடிந்தால் மாமாவும் தம்பியும் மருத்துவமனைக்கு ஓடலாம். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று என்று மதியமே சேதி வந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் மாமா. அக்காவின் கணவர், கரடிக்குட்டிக்குக் குரல் கொடுப்பவர். இந்தப் பக்கம் வசனங்களைத் தமிழாக்கிய தம்பி. அவன் பக்கத்தில் ஒலிப்பதிவாளர். அவரை எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காதுக்குப் பிடிக்காமல் ஒருவரும் வெளியே போக முடியாது.

திரையில் குட்டி குகை வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தது. உட்கார்ந்தது, எழுந்தது, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஆங்கிலத்தில், தனக்கு 'ரெஸ்ட்லெஸ்' ஆக இருக்கிறது என்றது.

தம்பி அமைதியின்மை என்று எழுதியிருந்தான். ஊரடங்குச் செய்தி மாதிரி இருக்கிறது என்று காது தள்ளிவிட்டார். பதற்றம் என்றான். குட்டிக்கு என்ன பயம், அம்மா வருவது அதற்குத் தெரியுமே என்றார். படபடப்பு என்றதும், கரடிக்கு யார் பிரஷர் பார்த்தது என்று கேட்டார்.

தம்பி குட்டியை மறுபடி பார்த்தான். பயமில்லை, கவலையும் இல்லை. நல்லது ஒன்று வரப்போகிறது. அதுவரை உடம்பு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன பேர்? நாக்கு நுனிவரை வந்து அடம் பிடித்தது.

கண்ணாடிக்குள் மாமா உட்கார்ந்தார், எழுந்தார், மைக்கைச் சுற்றி வந்தார். ஹெட்போன் வயர் காலில் சுற்றிக்கொண்டது.

"ஏதாவது ஒண்ணு சொல்லு மச்சான். எனக்கு இருப்பே கொள்ளலை."

தம்பியும் காதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அதேதான் மாமா. அப்படியே சொல்லுங்க."

"எதை?"

"இப்ப புலம்பினீங்களே, அதை. குட்டி குரல்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா சொன்னார். குட்டியின் வாய் திறந்து மூடியதற்குள் வசனம் கச்சிதமாக அடங்கிவிட்டது. காது இரண்டாம் முறை கேட்கவே இல்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

படியில் இறங்கும்போது மாமாவின் போன் அடித்தது. அக்காவேதான். மூச்சு வாங்கப் பேசினாள்.

"எங்கதான் இருக்கீங்க ரெண்டு பேரும்? என்னை உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. உங்க பிள்ளைக்கு இதுக்கு மேல இருப்புக் கொள்ளாது."

மாமா இரண்டிரண்டு படியாகத் தாவினார். கழுத்தில், கழற்ற மறந்த ஸ்டூடியோ ஹெட்போன். வயர் பின்னாலேயே படிப்படியாகக் குதித்து வந்தது.