ஆக்கள் இரண்டாம் கட்டம்

இந்தக் காலத்து ஆட்களிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர்கூட ஒரு நாளைச் சொல்ல மாட்டார். பார்ப்பம் என்பார்கள், அறிவிக்கிறம் என்பார்கள். அதுவும் வாயால் இல்லை. போனில் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தங்கள் பாட்டில் இருந்துவிடுவார்கள். பெருவிரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? சோறு கூட்டிப் போடச் சொல்வதா, கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவதா?

தவராஜாவுக்கு அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. லாண்ட்குவார்ட்டில் இறங்கி, டாவோசுக்கு ஏறுகிற சிவப்பு ரயிலில் யன்னலோரமாக இருந்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார். மடியில் ஒரு பை. பைக்குள் மனைவி இந்திரா வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். பொலித்தீனுக்குள் பொலித்தீனாய்ப் போட்டு இறுக்கிக் கட்டியும், எதிரே இருந்த வெள்ளைக்காரி தும்மிக்கொண்டே வந்தாள்.

தூள் மகள் யதுஷாவுக்கு. அவள் இருப்பது றியாத்தில். புருசன் ஆதித்யா கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே பாடனில் உள்ள ஒரு கொம்பனியில் வேலை. புதிதாக ஒரு ரயில் பாதை போடுவதென்றால் எவ்வளவு முடியும், அந்தக் காசை எங்கே எடுக்கலாம் என்று வழி சொல்வதுதான் அவனுடைய தொழில். இதுவும் ஒரு தொழிலோ என்று தவராஜா கலியாணத்துக்கு முதலே கேட்டவர். தண்டவாளம் போடுகிறவனைத் தெரியும், ரயில் ஓட்டுகிறவனைத் தெரியும். ஊரார் காசுக்கு வழி சொல்கிற ஆட்களை அவர் அதுவரைக்கும் சீட்டுப் பிடிக்கிற இடத்தில்தான் கண்டிருந்தார்.

சவூதியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பாலைவனத்தைக் குறுக்கறுத்து ஒரு பாதை. அதற்காகத்தான் கொம்பனி ஆதித்யாவை அங்கே அனுப்பியது. ஒரு வருடத்தில் வந்துவிடுவோம் என்றுதான் விமானம் ஏறினார்கள். பாதிக் காசை அரசாங்கம் போடும் என்றார்கள். மீதிக்கு வங்கிகள் உத்தரவாதம் கேட்டன. உத்தரவாதம் வந்து சேர்ந்தபோது ஒரு வங்கி பின்வாங்கியது. அதற்குப் பதிலாக இன்னொன்றைப் பிடிப்பதற்குள் சாமான் விலை ஏறிவிட்டது. இப்படியே இழுபட்டுக்கொண்டு போக, போகும்போது தாயின் தோளில் நித்திரையாகக் கிடந்த பேத்தி இப்போது போனில் வந்து, பல் விழுந்த வாயைத் திறந்து காட்டுகிறாள்.

போன கிழமை யதுஷா போன் எடுத்து, டாவோசில் ஒரு கூட்டம் நடக்கப் போகிறது, வங்கிக்காரர் எல்லாரும் வருகிறார்கள், இதோடு முடிவு தெரிந்துவிடும் என்று சொன்னாள். காசு இல்லை என்றால் கொம்பனி அங்கே கந்தோரைப் பூட்டிவிடும். கோடைக்கு முதல் பாடனுக்கே திரும்பிவிடுவார்கள். காசு கிடைத்தால் பாதை போட்டு முடியும்வரைக்கும் அங்கேதான்.

அன்றிரவே தவராஜா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று, வங்கிக்காரர் காசு கொடுக்கக் கூடாது என்று கும்பிட்டார். மருமகனின் தொழில் படுத்துவிட வேண்டும் என்று கும்பிடுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகக் கும்பிடாமல் விடவில்லை.

ஆதித்யா இரண்டு நாளைக்கு மட்டும் வந்து போகிறான், தாங்கள் இருக்கிற வின்டர்தூருக்கு வர நேரமில்லை என்று தெரிந்ததும், தூளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டார். தூள் ஒரு சாட்டு. அந்த வங்கிக்காரரின் முகங்களைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிறர் சொல்லி அவர் எதையும் நம்பியதில்லை.

அகதியாக வந்த புதிதில் டாவோஸ் ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவியவர் அவர். அந்த ஊர் ஹோட்டல்களுக்கு முன்வாசல் என்று ஒன்று இருப்பதை ஒரு நாளும் காரியமாக எடுத்ததில்லை. ஆதித்யா சொன்ன ஹோட்டலுக்கு வந்ததும் கால் தன்பாட்டில் பின்பக்கம் போனது. சாமான் இறக்கும் கதவால் நுழைந்து, குசினியைத் தாண்டி, படியேறி மேலே வந்துவிட்டார். வயதுபோன கறுத்த மனிதன் ஒருவன் பையோடு குசினிப் பக்கத்தால் வந்தால் ஆர் நீ என்று எவரும் கேட்பதில்லை. முன்பக்கத்தால் வந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

மண்டபக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே கூட்டம். வெளியே கோப்பி மேசை, சுவரில் ஒரு பெரிய வரைபடம், அதற்குப் பக்கத்தில் ரயில் பெட்டியின் ஒரு துண்டு. மெய்யான பெட்டிதான். இரண்டு இருக்கை, ஒரு யன்னல், தலைக்கு மேலே பை வைக்கிற தட்டு. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மணல்மேட்டுப் படம் ஒட்டியிருந்தது. தவராஜா அங்குமிங்கும் பார்த்தார். தூள் பையைத் தட்டில் வைத்துவிட்டு யன்னலோரமாக இருந்தார்.

நல்ல இருக்கை. முதுகுக்கு மெதுவாக இருந்தது.

இருபத்தைந்து வயதில் அவரும் சவூதியில் இருந்தவர்தான். தம்மாம் துறைமுகத்தில் சீமெந்து மூடை இறக்கினார். தம்பி லக்ஷ்மணன் மற்றக் கரையில், ஜித்தாவில், ஒரு கட்டட வேலையில். இரண்டு பேரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள் என்று தாய்க்குப் பெரிய ஆறுதல். ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றே அவள் நினைத்திருக்கக்கூடும். நடுவே எவ்வளவு மணல் என்று அவளுக்குத் தெரியாது. பாஸ்போட் முதலாளியின் பெட்டிக்குள். வேறு ஊருக்குப் போவதென்றால் அவனுடைய கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. போய்ச் சேரவே அந்த நாள் முடிந்துவிடும்.

தம்மாமிலிருந்து றியாத் வரைக்கும் அப்போது ஒரு ரயில் ஓடியது. றியாத்தோடு பாதை முடிந்துவிடும். ஒரு பெருநாளுக்கு இரண்டு பேரும் நடுவழியில் றியாத்தில் சந்திப்போம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பி ஒழுங்கு செய்தார்கள். தவராஜா கடிதம் வாங்கி, ரயிலேறிப் போனார். லக்ஷ்மணனுக்கு அவனுடைய முதலாளி கடிதம் கொடுக்கவில்லை. அது தெரியாமல் இவர் ஸ்டேசனில் காத்துக் கிடந்தார். பாதை முடிகிற இடத்துக்குப் போய், அதற்கு அங்கால் கிடந்த வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்புகிற ரயில் வந்தது. ஏறிவிட்டார். அடுத்த வருடம் ஊருக்குப் போன லக்ஷ்மணனை ஆமி றோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவன் வரவேயில்லை.

அந்தப் பாதை மட்டும் அங்கால் போயிருந்தால், வியாழக்கிழமை வேலை முடிந்து ஏறி, இப்படியே சாய்ந்து நித்திரை கொண்டு, விடிய ஜித்தாவில் இறங்கியிருக்கலாம். அவன் வந்து நின்றிருப்பான். மீசையை எடுத்துவிட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். மீசையில்லாத முகத்தை இவர் காணவேயில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபிக் கிழவர் வெளியே வந்தார். போனில் கதைத்து முடித்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் தொப்பென்று இருந்தார். தவராஜா பழைய துறைமுக அரபியில் சலாம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார். தம்மாம் என்றதும், நானும் அந்த ஊர்தான் என்று தொடையில் தட்டினார். தன் அக்கா ஜித்தாவில் கலியாணம் செய்து போனவள் என்றார். தாய்க்கு விமானம் என்றால் பயம், காரில் அவ்வளவு தூரம் இருக்க இடுப்பு விடாது. மகளின் வீட்டைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று நெடுகவும் கேட்கிறாளாம். எப்போது ஓடும் என்று தவராஜா கேட்டார். இன்ஷா அல்லா என்றுவிட்டு அவர் எழும்பி உள்ளே போனார். தம்மாமில் சம்பளம் கேட்டபோதெல்லாம் மேற்பார்வைக்காரன் சொன்னதும் அதே சொல்தான்.

ஆனாலும் அந்தத் தாயின் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. ஓடினால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. தவராஜா திடுக்கிட்டுப்போனார். இவ்வளவு நாளும் கும்பிட்டது என்ன, இப்போது நினைக்கிறது என்ன? அந்த யோசனையை உதறப் பார்த்தார். அது போகவில்லை.

சற்று நேரத்தில் கதவுகள் விரியத் திறந்தன. கோட்டும் சூட்டுமாக ஆட்கள் கைகுலுக்கிக்கொண்டு வந்தார்கள். ஆதித்யா மாமனைக் கண்டு ஓடி வந்தான்.

"மாமா! நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"கதவாலதான். காசு கிடைச்சதோ?"

"கிடைச்சிடுச்சு மாமா. கையெழுத்தே போட்டாச்சு."

கோடைக்கு வரமாட்டார்கள். அது தவராஜாவின் நெஞ்சில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே, பாதை வரப்போகிறது என்பதும் கிடந்தது. இரண்டையும் பிரித்து எடுக்க அவரால் முடியவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "ஆக்கள் போகத் தொடங்கிறது எந்த வருசம்?"

ஆதித்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இப்போது கொடுக்கிற காசு சரக்கு ரயிலுக்கு மட்டும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினான். துறைமுகப் பெட்டிகளை ஏற்றினால் கடன் திரும்பி வரும். டிக்கெட் காசில் அது வராது. அதனால் வங்கிகள் ஆட்களுக்கான பெட்டிகளையும் ஸ்டேசன்களையும் வெட்டிவிட்டன. பயணிகள் இரண்டாம் கட்டம்.

"ரெண்டாங் கட்டம் எப்ப?"

"முதல் கட்டம் நல்லா போச்சுன்னா முடிவு பண்ணுவாங்க மாமா."

"நான் இப்ப வந்த ரயிலில பாதிச் சீற் வெறுமை. அது ஓடேல்லையோ?"

"இங்க அந்த நஷ்டத்தை கவர்மெண்ட் குடுக்குது மாமா."

"ஏன், அங்க எண்ணெய் வத்திப்போச்சோ?"

ஆதித்யா சிரித்துவிட்டான். தவராஜா சிரிக்கவில்லை. தான் இருந்த இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"அப்ப இந்தச் சீற்றை ஏன் தம்பி கொண்டந்து வைச்சனியள்?"

ஆதித்யா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "போட்டோ எடுக்கத்தான் மாமா" என்றான்.

அதுபோலவே ஆட்கள் வந்தார்கள். தவராஜாவை மரியாதையாக எழுப்பிவிட்டு, இரண்டு வங்கிக்காரர் அங்கே இருந்து படம் எடுத்தார்கள். அவர் பார்க்க வந்த முகங்கள் இவைதான். நல்ல முகங்கள், ஒரு கெடுதலும் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அரபிக் கிழவரையும் கூப்பிட்டார்கள். அவர் வந்து நடுவில் நின்றார். தவராஜாவின் பக்கம் அவர் பார்வையைத் திருப்பவில்லை.

ஆதித்யா யதுஷாவுக்கு வீடியோவில் போன் எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு ஏற்கெனவே விசயம் தெரிந்திருந்தது.

"அப்பா, கோவமோ?"

"எனக்கென்ன கோவம். கொம்மாதான் தூள் தந்துவிட்டவ."

"நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோவன். டிக்கெட் போடுறன்."

"பாஸ்போட்டைப் பிடுங்கி வைச்ச நாட்டுக்கு நான் இனி என்னத்துக்கு?"

அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"ஆக்கள் ரயில் ஓடேக்கை நீங்களும் நானும் அதில ஜித்தா மட்டும் போவம் அப்பா. சித்தப்பா இருந்த இடத்தைப் பாத்திட்டு வருவம்."

தவராஜா போனைக் காதிலிருந்து எடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த ஊர் வெயில்.

"அது ஓடாது பிள்ளை" என்றார். "உவங்கள் சாமானைத்தான் ஏத்துவாங்கள். சாமான் ஒண்டும் அழாது."

"ஓடும் அப்பா. இவர் அதுக்குத்தானே நிண்டு பாடுபடுறார்."

"நீ வா. ரயில் கிடக்கட்டும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தட்டிலிருந்த பையை எடுத்து ஆதித்யாவின் கையில் வைத்தார். வெயிலில் வைக்க வேண்டாம், ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று இந்திரா சொல்லிவிட்டதை ஒப்புவித்தார். சாப்பிட்டுப் போகலாம் என்று அவன் மறித்தான். அவர் கேட்கவில்லை. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ஆதித்யா கோட்டுக்கூடப் போடாமல் றோட்டு வரைக்கும் பின்னால் வந்தான்.

"மாமா, ரெண்டாம் கட்டத்தை நான் விடமாட்டேன். நிச்சயமா வரும். நம்புங்க."

நல்ல பிள்ளைதான். தவராஜாவுக்கு அதில் சந்தேகமில்லை. அவனுடைய வாக்கைக் கேட்டு வங்கிக்காரன் காசைத் திறந்துவிடுவான் என்பதில்தான் சந்தேகம்.

"ஓம் ஓம்" என்றார். "உள்ள போம் தம்பி, தடிமன் பிடிக்கும்."

தொப்பியைக் காது மட்டும் இழுத்து விட்டார். நம்பவில்லை. உறைந்த நடைபாதையில் கவனமாகக் கால் வைத்து, திரும்பிப் பாராமல் ஸ்டேசன் பக்கம் நடந்தார்.