மாற்றியவர்

மீட்டிங் அறைச் சுவரில் என் பெயர் ஒரு முழ நீளத்துக்குத் தெரிந்தது. மேனேஜர் அதைப் புரொஜக்டரில் பெரிதாக்கி வைத்திருந்தார். எங்கள் மருந்துக் கிடங்கில் நாற்பத்திரண்டு குளிர் அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டிங் ஃபைல். பத்து டிகிரியில் அடிக்கும் எச்சரிக்கை மணியை இனி எட்டிலேயே அடிக்கவைக்கச் சொல்லி வியாழக்கிழமை உத்தரவு வந்தது. ஃபைல்களில் ஏறியிருப்பதோ பதினெட்டு. ஒன்பதாம் அறையில் குளிர் நின்றபோது மணி அடிக்கவில்லை. உள்ளே இருந்த தடுப்பூசி அத்தனையும் குப்பைக்குப் போனது. ஒவ்வொரு ஃபைலின் அடியிலும் 'மாற்றியவர்' என்று என் பெயர்.

ஃபைல்களைத் திருத்தும் ஸ்கிரிப்ட் என்ற குட்டிப் புரோகிராம் நான் எழுதியதுதான். எந்த இடம், என்ன புது மதிப்பு என்று சொன்னால் போதும். நாற்பத்திரண்டையும் அதுவே திறந்து மாற்றி, கடைசியில் மாற்றியவர் பெயரையும் போட்டுவிடும். ஓட்டுகிறவரின் பெயரை அது கேட்டிருக்க வேண்டும். நான்தானே ஓட்டப்போகிறேன் என்ற சோம்பேறித்தனத்தில் என் பெயரையே எழுதிவைத்தேன்.

பக்கத்து இருக்கைக்காரன் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். எதையும் பேசியே சமாளிப்பதால் அவனை 'வக்கீல்' என்போம். போன மாதம், "ஒவ்வொண்ணா திறந்து மாத்தி கை ஒடியுது, எனக்கும் குடேன்" என்று கெஞ்சினான். கொடுத்தேன். "உள்ள என் பேர் இருக்கு, மறக்காம மாத்திக்கோ" என்றும் சொன்னேன். "சரி தாயே" என்றான். வியாழக்கிழமை, "அஞ்சே நிமிஷம், நாப்பத்திரண்டும் முடிஞ்சுது" என்று என் பக்கத்தில் சோம்பல் முறித்தவனும் அவன்தான்.

"நீங்கதானே மாத்தினீங்க?" என்றார் மேனேஜர்.

"ஸ்கிரிப்ட் என்னோடது சார். அன்னைக்கு ஓட்டினது நான் இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலைப் பார்த்தேன். அவன் வாயாலேயே வரட்டும் என்று விட்டுவைத்தேன். என் மடத்தனம்.

"அப்ப வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் வக்கீல் தொண்டையைச் செருமினான். "இவங்க யார்கிட்டயும் குடுக்க மாட்டாங்க சார். அந்த விஷயத்துல ரொம்பக் கறார்."

பாராட்டுகிற குரலில் சொன்னான். ஏழு வருஷப் பழக்கம். "இவர்கிட்டதான் சார் குடுத்தேன்" என்றேன். மாட்டிக்கொண்டவள் அடுத்தவன்மேல் பழியைப் போடுகிறாள் என்பதுபோல்தான் அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மாலைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், வேலை இருக்குமா என்பதை அப்புறம் சொல்கிறேன் என்றார் மேனேஜர்.

இருக்கைக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை. வக்கீல் எனக்கு முன்பே வந்து, தினமும் போலக் கிளம்பி நின்றான்.

"வா, சாப்பிடப் போலாம்."

ஒரு கையில் அவனுடைய டிபன் பாக்ஸ். இன்னொரு கையில் என்னுடையது.